மேஸ்திரி சேற்றில் கை வைத்தது

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், என் இடது கடைவாய்ப் பல்லைத் தவிர. அது இப்போது நம்மோடு இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே முழுப் பற்களோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லியே கதையைக் கந்தலாக்கிவிடுவாள். அதனால் கடையில் இஸ்திரி மேஜை மேலேயே காகிதத்தை விரித்து எழுதுகிறேன்.

நம் சலவைக்கடைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில் பாதியை உன் தங்கை பிடுங்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பள்ளி நடத்துவது உனக்குத் தெரியும். என்ன விளையாட்டு என்று தெரியாது. நானும் ஏதோ பாட்டு, பொம்மை, கொஞ்ச நேரம் தூக்கம் என்றுதான் நினைத்து இடம் கொடுத்தேன். அவளோ ஒரு வண்டி மண்ணைக் கொட்டி, ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு, உன் அம்மாவின் பழைய பாத்திரங்களைப் பரப்பி, இதுதான் பிள்ளைகளின் சமையலறை என்றாள். சட்டைக்குக் கஞ்சி போட நான் வாங்கி வைத்த மாவைத் தண்ணீரில் கரைத்து, பச்சை வண்ணம் சேர்த்துத் தொட்டியில் ஊற்றினாள். அது ஒரு விசித்திரமான வஸ்து. அடித்தால் கல்லாக நிற்கிறது, விட்டுப் பிடித்தால் கூழாக ஒழுகுகிறது, அச்சு அசல் உன் பெரியப்பா. கறை எடுத்தே வயிறு வளர்த்தவன் நான், என் கொல்லையிலேயே ஒரு கறைத் தொழிற்சாலை. கேட்டால், பிள்ளைகள் கையால்தான் உலகத்தைப் படிக்கிறார்கள், தொட்டு, பிசைந்து, முகர்ந்து பார்த்தால்தான் மூளை விழிக்கும் என்கிறாள். உன் அக்கா உடம்பில் மண் படாமல்தானே வளர்ந்தாள், அவள் மூளை தூங்கியா போயிற்று என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன், கடிதம் பிரித்துப் படிக்கும் நேரத்தில் உனக்கு ரத்தக்கொதிப்பு வரக்கூடாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிட்டு இருந்தது. மூன்று வயது இருக்கும், தெருக்கோடியில் பல் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவின் பெண். மற்ற பிள்ளைகள் எருமைக் கன்றுகள் மாதிரி சேற்றில் புரள, இது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நடந்து எல்லாரையும் மேற்பார்வை பார்க்கும். நான் மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். அப்புறம்தான் உன் தங்கை விஷயத்தைச் சொன்னாள். போன வருஷம் கொதிக்கிற தண்ணீர் கொட்டி இரண்டு கையும் வெந்துவிட்டதாம். கட்டுப் போட்டு மாதக்கணக்கில் கிடந்து, புண் ஆறியும் குழந்தை எதையும் தொடுவதில்லை. சோறும் ஊட்டித்தான் விடவேண்டியிருக்கிறதாம். அன்றிலிருந்து நானும் மேஸ்திரியைப் பார்த்தால் ஒரு சலாம் வைப்பேன், அது தலையை மட்டும் ஆட்டும்.

போன மாதம் ஒரு நாள் ஹோட்டல் விரிப்புகளைத் துவைத்துக் கூடை நிறைய ஈரத்தோடு உலர்த்தப் போனேன். உன் தங்கையின் சமையலறை எல்லை தாண்டி என் கொடிக்கயிறு வரை வந்திருந்தது எனக்குத் தெரியாது. வழுக்கியது பார், கூடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நான் நேராகச் சேற்றுக்குள் உட்கார்ந்துவிட்டேன். என் வழுக்கைத் தலையில் அரைப்படி சேறு. பிள்ளைகளெல்லாம் பயந்து நிற்க, மேஸ்திரி மட்டும் கிட்டே வந்தது. என் தலையை நெடுநேரம் பார்த்தது. பிறகு பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, ஒற்றை விரலால் அந்தச் சேற்றைத் தொட்டு, முகர்ந்து பார்த்து, இன்னொரு விரல் வைத்து, கடைசியில் இரண்டு உள்ளங்கையாலும் என் மண்டைக்குப் பூச்சு வேலையே ஆரம்பித்துவிட்டது. நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் தங்கை குழாயைப் பிடித்தபடி நின்று அழுதாள், தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தாள் டாக்டரம்மா. மகளுக்குத் தலைமுடி வரை சேறு, பக்கத்தில் அதே கோலத்தில் நான். அவள் முகம் வெளுத்துவிட்டது. “கை வெந்து இப்பதான் ஆறியிருக்கு, அதுல சேத்தைப் பூசி வச்சிருக்கீங்களே, உங்களை நம்பித்தானே விட்டேன்” என்று உன் தங்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளைகளை அழைத்துப்போக வந்து கேட்டுக்கொண்டிருந்த மற்ற பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா, மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, அதற்கடுத்த நாள் மீதியில் பாதி. உன் தங்கை அந்தப் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அவள் திட்டினால் தாங்கலாம், பாத்திரம் தேய்த்தால் என்னால் தாங்க முடியாது. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அத்தனைக்கும் காரணம் நான் விழுந்ததுதான் என்று இருந்தது.

சரி, நாமே போய் இரண்டு நல்ல வார்த்தை பேசலாம் என்று பல்வலி என்ற சாக்கில் கிளினிக்குக்குப் போனேன். பொய்ப் பல்வலிதான். அவள் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே சொத்தை குடைந்திருக்கிறது, எடுத்தே ஆகவேண்டும் என்று ஊசியைப் போட்டுவிட்டாள். நான் பேச வந்த நேரத்தில் நாக்கு மரத்து மரக்கட்டையாகிவிட்டது. வாயில் பஞ்சு வேறு. அப்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள். கண்ணிமைக்கிற நேரம் திரும்பியதில் பாத்திரம் கவிழ்ந்ததையும், கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் குழந்தை கத்தியதையும், அதன் பிறகு குழந்தை தொடப்போகும் சாமானை எல்லாம் இவள் முந்திப்போய்த் துடைத்துவைப்பதையும் சொன்னாள். “அவ அழுதா எனக்குக் கை நடுங்குதுங்க. கை நடுங்கினா நான் யார் வாயில கை வைக்க முடியும்?” என்றாள். நான் சொல்ல நினைத்ததெல்லாம் எச்சிலாக ஒழுகியதே தவிர வார்த்தையாக வரவில்லை.

அந்த நேரத்தில் வெளியே ஏதோ விழுந்த சத்தம். அவள் ஓட, கழுத்தில் கட்டிய துண்டோடு நானும் பின்னாலேயே ஓடினேன். வரவேற்பறைப் பூந்தொட்டி கவிழ்ந்து கிடந்தது. பள்ளியை விட்டு நின்றதிலிருந்து அம்மாவோடு கிளினிக்கிலேயே இருந்த மேஸ்திரி, குடிதண்ணீர்க் குழாயிலிருந்து தம்ளரில் பிடித்து வந்து, மண்ணைப் பிசைந்து, வாரப் பத்திரிகை மேல் வரிசையாக உருண்டை வைத்திருந்தது. காத்திருந்தவர்களுக்கெல்லாம் விநியோகம் நடந்து முடிந்திருந்தது. கன்னம் வீங்கிய தடிமனான மனிதர் ஒருவர் உள்ளங்கையில் மண்ணுருண்டையை வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி அம்மாவிடம் வந்து ஒரு உருண்டையை நீட்டி, “சாப்பிடு” என்றது.

டாக்டரம்மாவின் கை தானாகவே பையிலிருந்து துடைக்கிற காகிதத்தை எடுத்தது. எடுத்தவள் குழந்தையின் கையைப் பார்த்தாள். சேற்றுக்கு நடுவே அந்தத் தழும்பு ரோஜா நிறத்தில் தெரிந்தது. காகிதத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உருண்டையை வாங்கி வாயருகே கொண்டுபோய் மென்று விழுங்குகிற மாதிரி செய்துவிட்டு, “நல்லாருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி” என்றாள். மேஸ்திரி உடனே உப்புப் போடத் தொட்டிக்குப் போய்விட்டது. தாய்க்காரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் ஏதோ ஆறுதல் சொன்னேன், “ஆழா பழா” என்று கேட்டிருக்கும். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து ஒரே இழுப்பில் என் பல்லை எடுத்தாள், நடுக்கம் என்ற பேச்சே இல்லை.

இப்போது மேஸ்திரி தினமும் வருகிறது. டாக்டரம்மா, மண்ணைச் சலித்துப் போடவேண்டும், விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டாள், உன் தங்கை முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி சொன்னாள். டாக்டரம்மாவைப் பார்த்து, நின்றுபோன பிள்ளைகளும் திரும்பின, ஒன்றிரண்டு மட்டும் வரவில்லை, போகட்டும். நீ பேரன் இப்போதே எழுத்தெல்லாம் தொடுதிரையில் எழுதுகிறான் என்று பெருமையாகச் சொன்னாயே, சந்தோஷம். ஆனால் போன தடவை வந்தபோது புல்லில் இறக்கிவிட்டால் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான், அதை நான் மறக்கவில்லை. லீவுக்கு வரும்போது அவனுக்கு நல்ல துணி எடுத்து வராதே, எடுத்து வந்தால் நான் பொறுப்பில்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஒரே ஒரு விஷயம். வேலையை விட்டுவிட்டுச் சேறு பிசையப் போகிறாயா என்று நீ சிரித்ததை உன் தங்கை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள், வெளியே சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய். உடம்பு எப்படி இருக்கிறது, காசு வருகிறதா என்றெல்லாம் ஆரம்பிக்காதே. இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேள்.

ஆசிகளுடன்,
கொல்லைப்புறத்தில் எந்த அதிகாரமும் இல்லாத
உன் அப்பா