இடிநாயகி வர வேண்டாம்

அம்மா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

இன்று பெற்றோர் கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். நீ வரைந்த ‘இடிநாயகி’ காமிக்ஸ் என் வகுப்பு முழுக்கச் சுற்றுகிறது. அவள் பறக்கிற பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “இந்தக் குண்டு எப்படிடி பறக்கும்? விழுந்தா ஊரே காலி!” என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு உன் முகத்தையும் உன் இடுப்பையும் எதற்கு வைத்தாய்?

“வரைஞ்சது உங்க அம்மாவா?” என்று டீச்சர் கேட்டார்கள். “இல்ல மிஸ், அதே பேர்ல வேற யாரோ” என்று சொல்லிவிட்டேன். இனி நீ அங்கே வந்து நின்றால் என் மானம் போய்விடும்.

அதனால் சித்தியை வரச் சொல்லியிருக்கிறேன். “அக்காவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாடி” என்றாள். “தெரியட்டும், அப்பவாவது அம்மா இளைக்கட்டும்” என்றேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள். வரைந்து வரைந்து சிவந்துபோயிருக்கிறது.

இன்னொன்று. பள்ளியில் சித்தியை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். நேற்று அவள் வீட்டில் கூப்பிட்டுப் பார்த்தேன். கஷ்டமாகவே இல்லை.