மாப்பிள்ளையின் ஞானதிருஷ்டி

அன்புள்ள இளவரசிக்கு,

போனில் சொன்னால் உன் வீட்டில் யார் காதில் விழுமோ! அதனால்தான் விழுப்புரம் குடோனின் ஏகச் சக்கரவர்த்தியாகிய நானே பேனா பிடித்திருக்கிறேன்.

நேற்று உன் மல்லாட்டை லோடைத் திண்டிவனம் கடலை எண்ணெய் மில்லுக்கு ஏற்ற ஒரு லாரி வந்தது. பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. சும்மா நம்பர் பிளேட்டைத் தடவினேன், பெயிண்ட் விரலோடு வந்துவிட்டது.

"இன்னாப்பா, லாரி இன்னைக்குத்தான் பொறந்துச்சா?"

"வெயிலுக்கு இளகுது, பெருசு."

ஆயிரம் திருடர்களை மென்று துப்பிய எனக்கே கதை! டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நம்ம டிரான்ஸ்போர்ட்டுக்கு போன் போட்டேன். அவர்கள் லாரியே அனுப்பவில்லையாம். உடனே லோடுமேன்களுக்குக் கண்ணைக் காட்டி, இருநூறு மூட்டையும் வெறும் மல்லாட்டைத் தோலாகவே ஏற்றி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டி வழியனுப்பினேன். உன் சரக்கு முழுசும் இங்கேதான் இருக்கிறது.

அந்த லாரி மில்லுக்குப் போகவே இல்லை. தோல் விஷயத்தை நாங்கள் ஈ எறும்புக்கும் சொல்லவில்லை.

சாயங்காலம் உன் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "இன்னா மாமா, தோலைப் போய் ஏத்திக்கினு இருக்கீங்க?" என்று கத்தினார்.

மாப்பிள்ளைக்கு ஞானதிருஷ்டி என்று வைத்துக்கொள்வோம். குடோன் பூட்டை மாற்றிவிட்டேன். சாவி வாங்க நீ மட்டும் வா.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்