ஆறு பத்துக்கு எரியும் விளக்கு

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே அனல் காற்று. மோட்டார் ஓடவில்லை, அரை வாளியில் குளியல்.

சிங்கப்பூர் மகள் சித்ரா இந்த வீடு முழுக்கப் பச்சை வயர் இழுக்க வைத்து மூன்று வருஷம். எல்லாச் சுவிட்சும் அந்த ஒரே வயரில். நான் சமையலறை விளக்கைப் போட்டால் அவள் போனில் தெரியும். அப்பா எழுந்துவிட்டார், உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அவள் போனுக்குச் செய்தி அனுப்பிய பெட்டி போன வாரம் இடியில் கருகிப்போயிற்று. அன்றிலிருந்து தினமும் 6.30க்கு அவளே போன்.

"எந்திரிச்சிட்டீகளாப்பா?"

"எந்திரிச்சிட்டேன் தாயி."

இன்று பதினோரு நிமிஷம். அங்கே மழையாம். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறதாம்.

மதியம் அவள் அனுப்பிய சின்ன கம்ப்யூட்டர் போர்டு கூரியரில் வந்தது. சீட்டுக்கட்டு அளவு. பழைய பெட்டிக்குப் பதில் இதைப் பச்சை வயரோடு சேர்க்க வேண்டும். வாங்க: பொடி ஸ்குரூ டிரைவர், மெமரி கார்டு, தோசை மாவு.

ஜூன் 10, செவ்வாய்
வயருக்குள் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டும் மாட்டியாயிற்று. பட்டாசு கம்பெனியில் முப்பது வருஷம் போர்மேன். வெடிமருந்து ரூமுக்குள் நுழையுமுன், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க எர்த் தகட்டைத் தொடாத நாள் கிடையாது. கை சும்மா இருக்குமா? கறுப்பு வயரை எர்த்தில் கட்டினேன்.

நாலு தடவை விளக்கைப் போட்டால் ஒரு தடவைதான் செய்தி போகிறது.

சித்ரா: "விடுங்கப்பா, ஆமத்தூர் முருகன வரச் சொல்றேன். அதுவரைக்கும் நானே போன் பண்றேன்."

முருகன் மெதுவாகவே வரட்டும் என்று தோன்றியது. எழுதவே வெட்கம்.

ஜூன் 12, வியாழன்
எலக்ட்ரீசியன் முருகன் வந்தான். வயரைப் பார்த்ததும் சிரிப்பு.

"அண்ணாச்சி, இதென்ன மருந்து ரூமா? இந்த வயர எர்த்துல கட்டவே கூடாது. ரெண்டும் தனியா நிக்கணும்."

கழற்றினான். பத்துத் தடவை விளக்கைப் போட்டுப் பார்த்தான், பத்துச் செய்தியும் போயிற்று. "அம்புட்டுத்தான் அண்ணாச்சி."

டீ கொடுத்தேன். இன்னொரு டீ குடிக்கச் சொன்னேன். அச்சங்குளத்தில் வேலை கிடக்கு என்று கிளம்பிவிட்டான்.

ஜூன் 13, வெள்ளி
6.10 விளக்கு. 6.30 போன் இல்லை. 6.45 இல்லை. ஏழு மணிக்குக் கட்டைவிரல் படம் ஒன்று, கீழே: "சூப்பர்ப்பா. லைட்டு தெரியுது. இனிமே டெய்லி தொந்தரவு பண்ண மாட்டேன்."

தொந்தரவாம்.

பால்காரரிடம் 'அரை லிட்டர்' என்றேன். இன்று பேசியது அது மட்டும்தான். மாவு புளித்துவிட்டது.

ஜூன் 14, சனி
விளக்குப் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் காபி. பால் பொங்கி அடுப்பெல்லாம்.

6.32 போன்.

"அப்பா! லைட்டு எரியலையே, என்னாச்சு?"

டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். இப்பத்தான் தாயி எந்திரிக்கேன், என்றேன்.