நீ இறங்கிய இடம்

இன்று காலை கையெல்லாம் சாக்பீஸ் தூள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தாவல் சோதனை வைத்தேன். விரல் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு சுவரோரம் நின்று எம்பி, எட்டின உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும். நாம் படித்தபோது இருந்த அதே சுவர்தான். இப்போது கல்லூரியின் இந்தக் கூடைப்பந்துக் கோர்ட்டுக்கு நான்தான் பி.டி. மிஸ். சுவருக்கு எத்தனையோ தடவை பெயின்ட் அடித்துவிட்டார்கள். உன் விரல் பட்ட இடம் எந்தப் பூச்சுக்கு அடியில் கிடக்கிறதோ.

சாகுபுரத்திலிருந்து வருகிற ஒரு நெட்டைப் பிள்ளை மற்றவர்களை விட ஒரு சாண் மேலே கோடு போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். "மிஸ், நீங்க பாத்ததுலயே பெரிய ஜம்ப் இதுதானே?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று உன்னைப் பற்றிச் சொன்னேன். "அவங்க எவ்வளவு உயரம் தாவுவாங்க மிஸ்?" என்றாள். உண்மையைச் சொன்னால், இந்தச் சுவரில் உன் கோடு எங்கோ நடுவில்தான் இருந்தது. அதைச் சொன்னதும் பிள்ளைகள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

சோதனை முடிந்து கையைக் கழுவிய பிறகும் சாக்பீஸ் வாசனை போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். நீ இருந்த காலத்திலும் நான் எழுதித் தந்த எதையும் முழுசாகப் படித்ததில்லை.

முதல் வருஷத்தில் உன்னைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தது ஞாபகம் இருக்கிறது. எல்லாரும்தான் ஓடினோம், ஆனால் ஓடுகிற வேகத்திலேயே சட்டென்று நிற்க உனக்குத்தான் வந்தது. நீ நின்று, திரும்பி, பந்தோடு அந்தப் பக்கம் போயிருப்பாய். நாங்கள் இன்னும் நாலு அடி சறுக்கிக்கொண்டு போய் அதற்குப் பிறகு திரும்புவோம். ஆட்டம் முடியும் நேரத்தில் எல்லாரும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்க, நீ மட்டும் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் போல நிற்பாய்.

அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "திரேஸ்புரத்துக்காரில்லா, மீன் தின்னு வளர்ந்த ஒடம்பு" என்பார் நமக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர். முத்துக்குளித்த பரம்பரை, அந்த நுரையீரல் அப்படியே வந்திருக்கிறது என்பார் வரலாறு எடுத்த மிஸ். உனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "எனக்கு மீனே புடிக்காது, முள்ளு குத்தும். போட்டுல ஏறுனா வாந்தி வரும். இவுஹளுக்கு யாரு சொன்னா?" என்று என்னிடம் வந்து பொருமுவாய்.

ஆனாலும் ஒன்று இடித்தது. போர்டுக்குக் கீழே, பந்து வளையத்தில் பட்டுத் துள்ளி வரும்போது, எம்புவதற்குச் சற்று முன்பு நீ தரையைப் பார்ப்பாய். கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் வேறொருத்தி பந்தைப் பிடித்திருப்பாள். வெளியே நின்ற யாருக்கும் அது தெரியவில்லை. நான் குள்ளம், கீழே பார்க்கிற உன் கண் நேராக என் கண்ணில்தான் வந்து விழும்.

பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது யாரோ ஒருத்தியின் பாதத்தின் மேல் இறங்கி உன் முழங்கால் திருகிக்கொண்டதை நீ எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாய். மாதக்கணக்கில் படுக்கை. இன்னொரு தடவை அப்படி ஆனால் விளையாட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ கல்லூரிக்குள் வந்ததே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில். விளையாட்டு போனால் சீட்டு போகும், சீட்டு போனால் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். இத்தனையும் அந்த ஒரு முழங்காலில் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு அது தெரியாது. "ஒடம்பு இருக்கு, துணிச்சல் இல்லையே" என்று எல்லார் முன்னாலும் உன்னைச் சொல்வார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என்னை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனாய். உன் அப்பா சங்கு குளிப்பவர். தாய்மாமா பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "ஏளா, ஒன் மாமாட்ட அந்தக் கொழம்புச் சட்டிய இங்கன தள்ளச் சொல்லு" என்றார் உன் அப்பா. மாமாவின் காது ஒரு முழ தூரத்தில் இருந்தது. நீயும் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "மாமா, கொழம்பாம்" என்று எடுத்துச் சொன்னாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் போகிற சாக்கடைக்காக சண்டையாம், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லையாம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்துப் புரையேறி, உன் அம்மா என் தலையில் தட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த விஷயம் வந்தது. முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பது அவருடைய மனைவியின் அண்ணனோ தம்பியோதான். வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். இப்போது சங்கு எடுக்கப் போகிறவர்களுக்குக் கயிறு இல்லை, காற்று போகிற டியூப். ஆனாலும் உங்கள் வீட்டில் முறை மாறவில்லை. தினமும் அந்த டியூபைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்பவர், குழம்புச் சட்டியைத் தள்ளாத இதே மாமாதான்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பேசவே மாட்டீங்க, அப்புறம் எப்படி அவுகள நம்பித் தண்ணிக்குள்ள போறீங்க?" என்று உன் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். நீ என் தொடையில் கிள்ளினாய்.

உன் அப்பா நிதானமாகச் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "பேச்சு வேற, டியூப் வேற. மச்சான் மேல நிக்காருன்னா நான் மேல பாக்கவே மாட்டேன். அண்ணாந்து பாத்துக்கிட்டே கெடந்தா அடியில சங்கு எப்படித் தெரியும்?"

மாமா அன்றைக்குப் பேசியது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என்னைப் பார்த்து. "நான் கண்ண எடுத்தா என் தங்கச்சில்லா தாலி இல்லாம நிக்கணும்."

சாயர்புரம் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட வந்தபோது உன் அம்மா கொடுத்த மக்ரூன் பொட்டலத்தை நீயே பாதி தின்றுவிட்டாய். பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றுவிட்டாய்.

"ஏளா, நான் எம்புததுக்கு முந்தி கீழ பாக்குதேன் இல்லா?"

"ஆமா."

"நான் எம்பும்போது எனக்குக் கீழ எவ காலும் வராம நீ பாத்துக்குவியா?"

"நான் இருக்க சைஸுக்கா?"

"குள்ளமா இருக்கதுதான்ளா வசதி. அடியில நின்னு தள்ளலாம்."

அன்றிலிருந்து நான் உனக்கு மச்சான் ஆகிவிட்டேன். ஹாஸ்டல், கேன்டீன், எங்கள் அப்பாவின் பலசரக்குக் கடை வரைக்கும் அந்தப் பெயர் போனது. கடைக்கு வந்து எங்கள் அப்பாவை நீ "மாமா" என்று கூப்பிட்டு, கருப்பட்டி மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாய். அவருக்கு ஒன்றும் புரியாது, ஆனால் உன் மேல் கொள்ளைப் பிரியம்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பந்து வளையத்தை நோக்கிப் போனதும் நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிடுவேன். எதிரணியில் எவள் உன் பக்கம் வருகிறாளோ அவளுக்கு முதுகைக் காட்டி, இடுப்பைத் தாழ்த்தி, அவளை வெளியே தள்ளிக்கொண்டே நிற்பேன். ஆட்ட விதியில் அதற்கு இடம் உண்டு. ஒரு பாய் அகலத்துக்கு உனக்குக் கீழே தரை காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. விலாவெல்லாம் கன்றிப்போய் வீட்டுக்குப் போவேன். "பந்து விளையாடப் போறியா, எவட்டயும் அடி வாங்கப் போறியா?" என்பார்கள் அம்மா.

நீ தாவ ஆரம்பித்தாய். தொடக்கத்தில் நான் "கீழ பாக்காத" என்று கத்த வேண்டியிருந்தது. பிறகு கத்தவும் வேண்டியிருக்கவில்லை. கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து, கண் பந்தை விட்டு அகலாமல், இரண்டு கையையும் விரித்து நீ எழும்பினால், மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது நீ இன்னும் போய்க்கொண்டிருப்பாய். ஆளில்லாத சுவருக்கு முன்னால் நீ ஒருநாளும் அப்படித் தாவியதில்லை. மாஸ்டர் அதற்குக் கொஞ்ச நாள் முன்பு உனக்குத் தினமும் முட்டை கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். "பாத்தீங்களா, முட்டை வேலை செய்யுது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்று சிரிப்பை விழுங்குவோம்.

கடைசி வருஷம் மாஸ்டர் என்னை கேப்டன் ஆக்கினார். நீதான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம், நானும்தான். "எவளோ உள்ளுக்குள்ள போய் ஓதிருக்கா" என்று என் காதில் விழும்படி நீ சொன்னாய். நான் ஒரு வார்த்தை சொல்ல, நீ ஒன்பது சொல்ல, அத்தோடு பேச்சு நின்றது. வாரக்கணக்கில் நின்றது. இறுதிப் போட்டிக்குப் போன வேனில் நீ முன்னால், நான் பின்னால். "அவள்ட்ட அந்தத் தண்ணி பாட்டில இங்கன குடுக்கச் சொல்லு" என்று நீ நடுவில் இருந்தவளிடம் சொன்னபோது எனக்கு உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டி ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். ஆனால் இரண்டு பேருமே சிரிக்கவில்லை, அவ்வளவு வீம்பு.

ஆட்டம் முடிய சில விநாடிதான் இருந்தது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நம் பிள்ளை எறிந்த பந்து வளையத்தில் அடித்து மேலே கிளம்பியது. எதிரணியில் ஒரு பனைமர உயரத்துக்காரி அதற்குக் கீழே வந்துகொண்டிருந்தாள். நீ தூரத்திலிருந்து ஓடி வந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். என்னோடு வாரக்கணக்கில் பேசாத நீ, நான் அங்கே நிற்கிறேனா என்று கூடப் பார்க்காமல், அண்ணாந்த முகத்தோடு அப்படியே எம்பிவிட்டாய்.

அந்த முழங்காலை, அந்தச் சீட்டை, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு என் கையில் போட்டுவிட்டுப் போனாய். நான் திரும்பி அந்த உயரத்துக்காரியை என் முதுகால் முட்டி நிறுத்தினேன். அவள் முழங்கை வந்து என் வாயில் விழுந்தது. வாய் முழுக்க உப்பு. ஆனால் நான் நகரவில்லை. நீ பந்தோடு என் பின்னால் இறங்கினாய். இரண்டு பாதமும் ஒன்றாக, முழங்கால் மடங்கி, காலியான தரையில். பூனை இறங்கினது போலத்தான் சத்தம். உடனே மறுபடி எழும்பிப் பந்தை வளையத்தில் வைத்தாய்.

அது வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. தோற்றோம்.

எல்லாரும் அழுதுகொண்டிருக்க, நீ நேராக என்னிடம் வந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கினாய்.

"பல்லு?"

"பாதி இருக்கு."

"பேச்சு வேற," என்றாய். "டியூப் வேற" என்று நான் ரத்தத்தைத் துப்பினேன். அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் நாம்தான் ஜெயித்தோம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பல்கலைக்கழக அணிக்கு உன்னை எடுத்தது அந்த ஒரு தாவலைப் பார்த்துத்தான். தேர்வுக்கு வந்த பெரியவர் உன் ஊரைக் கேட்டுவிட்டு, "அதான் பாத்தேன், கடலோரத்து ரத்தம்" என்றார். நீ என்னைக் கை காட்டி, "இல்ல சார், அவதான்" என்றாய். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீங்கின வாயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நீ வெகுதூரம் விளையாடினாய். விளையாட்டை வைத்தே வேலையும் வாங்கினாய். எந்த அணிக்குப் போனாலும் முதலில் ஒரு குள்ளச்சியைத் தேடிப் பிடிப்பாய் என்று போனில் சொல்லுவாய். அந்த முழங்கால் கடைசிவரை உன்னைக் கைவிடவில்லை. கைவிட்டது வேறொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது, வயிற்றுக்குள்.

ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம் உன் கை அவ்வளவு லேசாக இருந்தது. பந்தை ஒரே கையில் கவ்விப் பிடித்த கை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"மச்சான், பயமா இருக்குளா. மேல நிக்கியா?"

"நிக்கேன். நீ எங்கயும் பாக்காத. நான் நிக்கேன்."

நீ அண்ணாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு என் முகத்தைத் தேடவே இல்லை.

உனக்கு நான் கடன்பட்டிருப்பது போலத்தான் எப்போதும் தோன்றுகிறது. அணியில் கடைசி ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். ஓட்டமும் இல்லை, உயரமும் இல்லை. எனக்கு ஒரு இடத்தைக் காட்டி, இங்கே நில் என்று சொன்னவள் நீ. அங்கே நின்றுதான் நான் விளையாட்டைப் பார்க்கக் கற்றேன், இந்த வேலைக்கும் வந்தேன்.

இன்று மாலை பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்த்தேன். காலையில் சுவரில் அத்தனை உயரத்தில் கோடு போட்ட அந்தச் சாகுபுரத்துப் பிள்ளை, போர்டுக்குக் கீழே எம்புவதற்கு முன்பு தரையைப் பார்த்தாள். ஓரத்தில் நின்ற ஒரு குள்ளப் பிள்ளையைக் கூப்பிட்டு, "அவ பக்கத்துலயே நில்லு" என்றேன்.

"மிஸ், நானும் அவளும் பேசுறது இல்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பேச வேண்டாம். அவ இறங்குற எடத்த மட்டும் பாத்துக்க" என்றேன்.

உடைந்த பல்லை மூடிவிடலாம், வலிக்கவே செய்யாது என்று பல் டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். வேண்டாம் என்று வந்துவிடுகிறேன். சும்மா இருக்கும்போது நாக்கு தானாக அங்கே போய்த் தொட்டுப் பார்க்கிறது. நீ பத்திரமாக இறங்கிவிட்டாய் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.