அந்தப் பத்தொன்பது பேர் நாங்கள்தான்

அன்பு மகனுக்கு,

சித்தி எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே உன் உடம்பும் மனதும் நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் இரண்டு பேருடைய நினைப்பும். இன்று திங்கட்கிழமை காலை தொலைபேசியில், வகுப்பை முழுநேரமாக நடத்துவதற்காக வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போகிறேன் என்றாய். நல்லது என்றேன். அது நல்லது என்று நான் நினைக்கவில்லை, அதைச் சொல்லவில்லை. உன் வகுப்பில் சேர்ந்திருக்கும் முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் நம் வீட்டு ஆட்கள், அதையும் சொல்லவில்லை. அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார், நீயோ பேச்சுக்கு இருபது நிமிடம் என்று அளந்து வைத்திருப்பவன், பதினெட்டாவது நிமிடத்தில் இப்படி ஒன்றை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நல்லது என்று வாய் சொல்லிவிட்டது. படித்து முடிக்கும்வரை கோபத்தை அடக்கிக்கொள். முடித்த பிறகு கோபப்படு, அதற்கு உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு, அன்றாட வேலையைத் திட்டமிடச் சொல்லிக்கொடுக்க நீ இணையத்தில் வகுப்பைத் தொடங்கிய முதல் வாரம், ஒருத்தரும் சேரவில்லை சித்தி என்று சொன்னாயே, அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் மருந்துக்கடையில் ஆள் வராத மதிய நேரத்தில் மாத்திரை அலமாரிக்கு முன்னால் நின்றபடியே, வீட்டில் தையல் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளின் தாய் என்று ஒரு பொய்ப் பெயரில் சேர்ந்துவிட்டேன். ஒரு ஆள் சேர்ந்தால் உனக்குத் தெம்பு வரும், பிறகு நிஜமான ஆட்கள் வருவார்கள், நான் சத்தமில்லாமல் கழன்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். உன் வகுப்பின் விதியை நான் யோசிக்கவில்லை. தினமும் சாயங்காலம் மூன்று வரி எழுதவேண்டும், இன்று செய்ய நினைத்தது, செய்தது, தடுத்தது. மறுநாள் விடியற்காலை வேலைக்குக் கிளம்புமுன் நீ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவாய். அதனால் ஊசியில் நூல் கோக்கவே தடுமாறுகிற நான் மூன்று மாதமாகச் சட்டைக்குக் கை வைத்தேன், காலருக்குத் துணி போதவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீயும் துணி வெட்டுகிற வேலையையெல்லாம் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று பொறுப்பாகச் சொல்லிக்கொடுத்தாய்.

போன வாரம்தான் மற்றது தெரிந்தது. எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் செங்கல் ஏற்றுகிற ஒரு லாரி உரிமையாளர், இன்று தடுத்தது என்ற இடத்தில், கம்ப்ரசர் வரவில்லை, கதவு ரப்பரும் விட்டுப்போய்க் குளிர் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். செங்கல் லாரிக்கு எதற்குக் குளிர்? இருபத்தைந்து வருடமாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனிதர் பொய் சொன்னாலும் அதற்குள்ளும் ஃப்ரிட்ஜ்தான் ஓடும். சாப்பிடும்போது, லாரி எப்ப வாங்கினீங்க என்று கேட்டேன். அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு, "அப்ப நீயும் உள்ளதான் இருக்கியா, நீ யாரு?" என்றார். தையல்காரி என்றதும், "அடிப்பாவி, அந்தப் பொம்பளை மேல எனக்குப் பரிதாபமா இருந்துச்சே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே இன்னும் யார் யாரோ என்று சந்தேகம் வந்தது. உன் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் இரண்டு ஆளாகச் சேர்ந்திருக்கிறாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காப்பி அடிக்காதே என்று விரட்டுகிறவள், "பிள்ளை முதன்முதலா ஒரு கடையைத் தொறந்திருக்கான், காலியா கெடந்தா எவன் எட்டிப் பாப்பான்? நான் ரெண்டு நாற்காலியில உக்காந்தேன், அதுல என்ன தப்பு?" என்று என்னையே மடக்கினாள். உன் மாமா இன்னும் ஒரு படி மேல். கிடங்கில் தனக்குக் கீழ் வேலை செய்கிற பதினான்கு பேரையும் சேர்த்துவிட்டு, தானும் பதினைந்தாவதாகச் சேர்ந்திருக்கிறார். அவர்களில் ஒருவர் எழுதிய மூன்று வரியை மற்றவர்கள் அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். நீ அதைப் பார்த்துவிட்டு, உங்கள் குழுவின் ஒழுங்கு எனக்கே பாடம் என்று பதில் போட்டிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது தம்பி. நாங்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்தது இது. நாம் ஒருத்தர்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். நீ தூக்கத்தை விட்டு எழுந்து எங்கள் பொய்க்குப் பதில் எழுதியிருக்கிறாய். இப்போது அந்த எண்ணிக்கையை நம்பி வேலையை விடப் போகிறாய்.

எனக்கு எரிச்சல் எங்கள் மேல் மட்டும் இல்லை. நீ அனுப்பும் வீடியோக்களை நான் பார்க்கிறேன். சுவர் முழுக்கப் புத்தகத்தை அடுக்கி வைத்துக்கொண்டு, துணிந்து குதி, பின்னால் பார்க்காதே என்று ஒருவர் பேசுகிறார். அந்த அலமாரியில் உள்ள புத்தகங்களில் ஒன்றின் முதுகுகூட மடங்கவில்லை, படிக்கிறவர்களுக்கு அது தெரியும். அவர் குதித்த கதையைச் சொல்லியே பிழைக்கிறார், நீ குதித்தால் உனக்கு அந்தக் கதைகூட மிஞ்சாது. நீ ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரு இயந்திரம் நின்றால் ஒரு உயிர் காத்திருக்கும். அந்த வேலையைக் கற்க நான்கு வருடம் ஆனது, அதை நாலு நாளில் சலித்துப் போன வேலை மாதிரி பேசுகிறாய். வாழ்நாள் முழுக்க அங்கேயே இரு என்று நான் சொல்லவே மாட்டேன். நானே கணக்கு படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு மருந்து படித்தவள், மாறுவதில் தப்பில்லை. எதை நம்பி மாறுகிறாய் என்பதுதான் என் கேள்வி.

நான் ஒரு வாரமாகக் கடையில் உட்கார்ந்து மீதிப் பன்னிரண்டு பேர் எழுதியதை முதலிலிருந்து படித்தேன். நீ படித்தாயா, அல்லது பதில் மட்டும் எழுதினாயா தெரியாது. அவர்களில் எட்டுப் பேர் உன்னைப் போலப் பழுது பார்க்கிறவர்கள். லிஃப்ட் பார்க்கிறவர் இருக்கிறார், தண்ணீர் மோட்டார் பார்க்கிறவர் இருக்கிறார், பல் ஆஸ்பத்திரி நாற்காலியைச் சரிசெய்கிற ஒரு பெண்கூட இருக்கிறாள். அவர்கள் எல்லாரும் ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி நடையில் சீருடையோடு நின்று நீ இரண்டு நிமிடம் பேசியது, கெட்டுப்போகப் போகிற இயந்திரத்துக்காக நான் தினமும் ஒன்றரை மணி நேரம் காலியாக வைத்திருப்பேன் என்று சொன்னாயே, அது. மணிக்கு மணி கட்டம் போட்டு வண்ணம் தீட்டுகிற உன் அட்டவணையை ஒருவரும் கேட்கவில்லை. நாள் அவர்கள் கையில் இல்லை, யாரோ கூப்பிட்டால் போகவேண்டும், அப்படிப்பட்டவன் எப்படித் திட்டம் போடுவது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். உன் வகுப்பு எல்லாருக்கும் என்று விளம்பரம் செய்கிறாய். என் கடையில் இரண்டாயிரம் மருந்து இருக்கிறது, எல்லாருக்கும் என்று ஒன்றுகூட இல்லை. அந்த எட்டுப் பேருக்கு மட்டும் நடத்திப் பார். அடுத்த வகுப்புக்கு அவர்கள் தாங்களாகவே வருகிறார்களா, வரும்போது வேலை இடத்திலிருந்து இன்னொருவரைக் கூட்டி வருகிறார்களா என்று பார். அதுவரை வேலையை விடாதே, முடிந்தால் வாரத்தில் ஒரு நாளைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேள். புது வீடியோ எடுப்பதை ஒரு மாதம் நிறுத்து. பொதுப் பக்கத்தில், என்னைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து விலகிவிடுங்கள் என்று ஒரு வரி எழுது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவோம். உன் மாமா முரண்டு பிடித்தால் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதத் தயக்கமாக இருக்கிறது. தையல்காரி ஒருநாள் மட்டும் உண்மையை எழுதினாள். இன்று தடுத்தது, மூத்தவனிடம் ஒன்றைச் சொல்லவேண்டும், அவன் என்னைப் பெற்ற தாயாக நினைப்பானா என்று தெரியாததால் வாய் வரவில்லை என்று எழுதினாள். பேச வராவிட்டால் எழுதுங்கள் அக்கா, எழுதி இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாளும் சரி என்று பட்டால் அனுப்புங்கள், உங்கள் மகனுக்குப் புரியும் என்று நீ பதில் போட்டாய். எனக்கும் உனக்கும் பதினான்கு வயதுதான் வித்தியாசம். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஒன்பது வயதுப் பிள்ளை, வாசலில் நின்று என் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாய். அன்றிலிருந்து உன்னிடம் கடிந்து பேச எனக்குப் பயம். பெற்றவளாக இருந்தால் காலையிலேயே போனில் சண்டை பிடித்திருப்பேன். முன்பின் தெரியாத ஒருத்திக்கு நீ எழுதிய பதில் ஒவ்வொன்றும் நல்ல பதில், அதைப் பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உனக்கு அந்தத் திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை, இருக்கிறது, ஆனால் அதை எங்களை வைத்து அளக்காதே.

நீ சொன்னபடியே இதை இரண்டு நாள் வைத்திருந்து, புதன்கிழமை படம் எடுத்து அனுப்புகிறேன், வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கும். எந்த வழியில் போனாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், கையில் எடுத்தது துலங்கவேண்டும், நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கவேண்டும். அப்பாவிடம் லாரி பற்றிக் கேட்காதே, கூச்சப்படுவார். கண் பரிசோதனைக்குப் போவதை மூன்றாவது முறையாகத் தள்ளிவைத்திருக்கிறாய், இந்த வாரம் போய்விட்டு வா.

உன் நினைவாகவே இருக்கும்
சித்தி

புதன் காலை. நேற்று மாலை நான் கடையில் இருந்தபோது நீ அப்பாவிடம் பேசியிருக்கிறாய், இப்போதுதான் சொன்னார். மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்புகிறேன். ராஜினாமாவைத் திங்கட்கிழமை காலையிலேயே கொடுத்துவிட்டாயாம். "சித்தியே நல்லதுன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு வெள்ளி வரைக்கும்" என்றாயாம். அன்று மதியமே உன் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.