படிப்பு என்ற கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதமும் எழுதி உயிரை வாங்குகிறாள் என்று நினைக்காதே, மன்னித்துக்கொள், சில விஷயங்கள் போனில் வாய்வரை வந்து திரும்பிப் போய்விடுகின்றன. நாங்கள் நலம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் வந்த விருந்தாளி மாதிரி கிளம்புவேனா என்கிறது. உன் உடம்பும் உறக்கமும் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஆசிரியர்கள் மாநாடு ஒன்றில் தொண்டு செய்யப் போனேன். பலவகை வீடுகளிலிருந்து, பல மொழி பேசிக்கொண்டு, பலவித உடம்போடும் மனசோடும் வருகிற பிள்ளைகளை ஒரே வகுப்பில் எப்படி அரவணைப்பது என்பதுதான் பேச்சு. தபால் வழியில் பட்டம் வாங்கிய எங்கள் கூட்டத்திலிருந்து ஆறு பேரைக் கேட்டார்கள், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் நாற்காலி போட்டேன், தண்ணீர் பாட்டில் வைத்தேன், சக்கர நாற்காலியில் வந்த கணக்கு டீச்சருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கினேன், அவரோ முன்னாடி வேண்டாம்க்கா, தூங்கினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் என்று சிரித்தார். மதியம் மைக் கொண்டுபோகிற வேலை, கை தூக்குகிறவரிடம் ஓடிப்போய் வாயருகே பிடிக்க வேண்டும். ஏற்பாடு செய்த தலைமையாசிரியைக்குக் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், எங்களுக்குள் அவர் விசிலம்மா. என்ன ஆனாலும் மைக்கைக் கைவிடாதீங்க, வாத்தியார் கைக்குப் போனா மணியடிச்சாத்தான் திரும்பி வரும் என்று சொல்லிவைத்தார். நானும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையில் ஒருவர், நல்ல மனுஷன்தான், படிக்காத பெற்றோர் பள்ளிக் கூட்டங்களுக்கு வருவதே இல்லை, அவங்களுக்கு அக்கறை இல்லையோ என்று கேட்டார். மைக் என் கையில்தான் இருந்தது. வராம இல்லை, வந்து வாசலோட திரும்பிட்டேன் என்று நான் எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். மைக் அணைந்திருக்கவில்லை பாப்பா. மண்டபம் முழுக்கக் கேட்டு முந்நூறு தலை திரும்பியது. கணக்கு டீச்சர்தான், அப்புறம் என்னாச்சுக்கா, சொல்லுங்க என்றார். சொன்னேன். ஊராரிடம் சொன்னதை உன்னிடம் மறைப்பது சரியில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆறாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்தன்று செரிமான மண்டலம் படம் வரைந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாயே, தையல் கம்பெனியில் லீவு தரவில்லை என்று சொன்னேனே, அது பொய். சூப்பர்வைசர் அரைநாள் விட்டார். அவரை இத்தனை வருஷமாக நீ கல்நெஞ்சன் என்று திட்டுகிறாய், பாவம், பஸ் பார்த்து ஏறும்மா என்றுகூட அன்றைக்குச் சொன்னார். பள்ளி வாசலில் மேஜைமேல் பதிவேடு இருந்தது, பெயர், கையெழுத்து, பக்கத்திலேயே படிப்பு என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் பட்டத்தைப் போட்டிருந்தார்கள், நான் எட்டாவது என்று எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன், பின்னால் நின்ற அம்மாள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது, வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். சுவரைச் சுற்றிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உன் பின்னல் மட்டும் தெரிந்தது. அப்புறம் எல்லாக் கூட்டத்துக்கும் அதே பொய்தான் கைகொடுத்தது. நாற்பது வயதில் நான் பரீட்சை எழுத உட்கார்ந்ததும் அந்தக் கட்டத்துக்காகத்தான்.

விசிலம்மா மறுநாளே போன் செய்தார், அவர் பள்ளிப் பதிவேட்டிலும் அந்தக் கட்டம் இருக்கிறதாம், அடுத்து அச்சடிக்கும்போது எடுத்துவிடுகிறாராம். அவருடைய ஆசிரியர்களிடம் வந்து பத்து நிமிஷம் பேசச் சொல்கிறார். உன்னிடம் சொல்லாமல் எப்படி என்று இன்னும் சரி சொல்லவில்லை. உங்கப்பாவோ, இனி மைக் இல்லாம இவ வாயே திறக்கமாட்டா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட நாள் நன்றாக இரு. கண்ணாடி மாற்ற டாக்டரிடம் போக மறக்காதே, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, வயிற்றைப் படம் வரைந்தவளுக்கு நான் சொல்ல வேண்டுமா.

கடைசியாக ஒன்று. அந்தப் படம் என் பெட்டியில்தான் இருக்கிறது, கல்லீரலுக்குப் பச்சை அடித்திருக்கிறாய். அன்றைக்கு அதைக் காட்டி என்னிடம் என்னென்ன சொல்ல வைத்திருந்தாயோ, கோபம் தணிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாயில் ஆரம்பித்து முழுசாகச் சொல்வாயா? படத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

உன் வரவுக்கும் வார்த்தைக்கும் காத்திருக்கும்
அம்மா