வராத படத்தின் போஸ்டர்

ஜனவரி 8, புதன்

கணக்கில் ட்ரிக்னாமெட்ரி முடித்தேன். இன்னும் ஒரு மாதத்தில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய பிரிபரேட்டரி பரீட்சை. வீட்டில் யாருக்கும் அது நினைவில் இல்லை, டைரக்டர் அரசுவேலின் பிறந்தநாள்தான் நினைவில் இருக்கிறது.

அவர் மூன்று படம் எடுத்தார். பிறகு மூன்று வருடமாக ஒன்றும் எடுக்கவில்லை. அதற்கே எங்கள் ஊரில் ‘அரசுவேல் சிந்தனை மன்றம், தங்கவயல் கிளை’ என்று ஒன்று இருக்கிறது. அப்பா தலைவர். பக்கத்துச் சுரங்கப் பகுதி பாலகாட்டிலிருந்து வரும் பெருமாள் மாமா செயலாளர். உறுப்பினர்கள், காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு போகிற ரயிலின் மூன்றாவது பெட்டியில் வேலைக்குப் போகும் பதினாறு பேர். கூட்டமும் அங்கேதான்.

“நாங்க கட்அவுட்டுக்குப் பால் ஊத்தற கூட்டம் கிடையாது. சிந்திக்கிற ரசிகருங்க” என்றார் அப்பா, இன்றும்.

“சிந்திச்சிக்கினே போயி அரைக் கிலோ தக்காளி வாங்கினு வாங்க” என்றாள் அம்மா.

ஜனவரி 11, சனி

தப்பு பண்ணிட்டேன். இந்த நோட்டை கன்னட கைடின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். அதை யாரும் திறக்க மாட்டார்கள், நானே திறப்பதில்லை.

நேற்று அம்மா போனில் விளையாட்டாகத்தான் செய்தேன். எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் தெரிகிற பழைய சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தைப் படம் பிடித்தேன். அதை இருட்டாக்கி, மேலே சிவப்பில் ‘நூறாவது லெவல்’ (சுரங்கத்தின் ஆழத்தை இங்கே லெவல் என்றுதான் எண்ணுவார்கள்), கீழே ‘அரசுவேல் இயக்கத்தில்’. பொய்ப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதில் போட்டேன். அப்பா பார்த்து ஏமாந்ததும் சிரித்துச் சொல்லிவிடலாம் என்று.

அப்பா பார்த்தார். அழுதுவிட்டார்.

“எங்கப்பன் இறங்கின ஷாஃப்ட்டும்மா. அந்த ஆளு நம்ம கதைய எடுக்கறாரும்மா” என்று என் தலையில் கை வைத்தார். அழுகிற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். அதற்குள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

ஜனவரி 13, திங்கள்

அறுநூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். கணக்கை அழித்தேன். படம் அழியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

டைரக்டரின் சொந்தப் பக்கத்தில் போஸ்டர் இல்லை என்பதைப் பெருமாள் மாமா இன்றுதான் கவனித்தார். அப்படியானால் அது போலி என்று நினைப்பார்கள், நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! அப்படியானால் அதை யாரோ திருடி வெளியிட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார்கள். விசாரணைக் குழு போட்டாயிற்று.

“ஒரு கலைஞன் சொல்லுமுன்ன அவன் குழந்தைக்குப் பேர் வைக்கறது எவ்ளோ பெரிய துரோகம்! எவன்னு தெரியட்டும், கையை ஒடிச்சிடறேன்” என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

என் கையில் அப்போது குழம்புக் கரண்டி இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

பிடித்துவிட்டார்கள். என்னை இல்லை. சுனில் அண்ணனை.

சுனில் அண்ணன் என் தோழி நளினியின் அண்ணன். மன்றத்தின் பதினாறு பேரில் ஒருவர், பெங்களூருவில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. இன்று ரயிலில் போஸ்டரைப் பார்த்து, “இது தலைவர் வூட்டுப் பின்னால, தண்ணி டேங்க்காண்ட நின்னு எடுத்த மாரி இருக்குதே” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னார்.

“கேமரா எங்க வச்சாங்கன்றது உனக்கு எப்டிறா தெரியும்?” என்று பெருமாள் மாமா எழுந்து நின்றாராம். ஃப்ளெக்ஸ் கடை, கம்ப்யூட்டர், கேமரா வைத்த இடம். விசாரணை அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் முடிந்துவிட்டது.

தண்டனை: மூன்றாவது பெட்டியில் இனி அவருக்கு சீட்டு இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே சீட்டு என்றால் சொத்து மாதிரி. அப்பன் ரிடையர் ஆனால் மகன் உட்காருவான். மற்ற பெட்டிகளில் மற்ற கூட்டங்கள், அங்கேயும் இடம் கிடையாது. இரண்டரை மணி நேரம் போக, இரண்டரை மணி நேரம் வர, நிற்க வேண்டும்.

ஜனவரி 29, புதன்

நளினி வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். “அண்ணன் கால் வீங்கிப் போச்சுடி. நின்னுக்கினே தூங்கறான். நேத்து ஒரு கல்யாண பேனர்ல பொண்ணு பேருக்குப் பதிலா பொண்ணோட அம்மா பேரைப் போட்டுட்டான். இன்னொரு தபா இப்டி ஆனா வராதன்னு ஓனர் சொல்லிட்டாரு.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பாள்.

பிப்ரவரி 3, திங்கள்

சொல்லணும். நாளைக்கு.

பிப்ரவரி 4, செவ்வாய்

சொல்லவில்லை. அப்பா இன்று நல்ல மனநிலையில் இருந்தார். கெட்ட மனநிலையில் இருக்கும்போது சொல்ல பயம். நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்ல இன்னும் பயம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிட்டேன்.

இன்று மாலை கருத்தரங்கு என்று ஏற்பாடு. தலைப்பு: ‘நூறாவது லெவல் – ஒரு முன்பார்வை’. அப்பா காலையில் தலைமையுரை எழுதிக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் போய் நின்றேன்.

“ப்பா, அந்த போஸ்டர் நான்தான் பண்ணேன்.”

“சுனிலைக் காப்பாத்தறதுக்குச் சொல்ற. நல்ல மனசு. போய்ப் படி.”

அம்மா போனைக் காட்டினேன். முதல் படம், இருட்டாக்கிய படம், எழுத்து வைத்த படம், எழுத்துப்பிழை திருத்திய படம், வரிசையாக. அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். கையை ஒடிப்பார் என்று முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டேன்.

“யாராண்ட சொன்ன?”

“யாராண்டயும் இல்லப்பா.”

“சொல்லாத.”

அவ்வளவுதான். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கருத்தரங்குக்குப் போனார். போனது மட்டுமல்ல, தலைமை தாங்கினார்! டீ கொடுக்க என்னையும் கூப்பிட்டார். பெருமாள் மாமா போஸ்டரின் மூலையில் இருக்கிற வெள்ளைப் புள்ளியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மண்ணுக்குள் புதைந்தவர்களின் ஆன்மாவாம் அது. அது அம்மா போனின் கேமரா கண்ணாடியில் ஒட்டியிருந்த இட்லி மாவு. அதையும் காலையில் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். கை தட்டினார்.

சுனில் அண்ணனைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

உண்மையான போஸ்டர் வந்துவிட்டது. டைரக்டரே போட்டார். கடல். ஒரு படகு. பெயர் ‘உப்புக்காற்று’. எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கமும் கடல் இல்லை.

மூன்றாவது பெட்டியில் பெருமாள் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனாராம்.

பிப்ரவரி 13, வியாழன்

அம்மா கடைக்குப் போனதும் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாசலை ஒருமுறை பார்த்தார்.

“பசங்க ரொம்ப ஒடைஞ்சிட்டாங்க பாப்பா.”

“ம்.”

“அந்தப் படகுக்குப் பின்னால… தூரத்துல… சின்னதா நம்ம கோபுரம் தெரியற மாரி… ஒண்ணு பண்ண முடியுமா? பளிச்சுன்னு வேணாம். லேசா.”

அப்பாவையே பார்த்தேன். ஒரு மாதமாக நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, குளிக்கும்போதுகூட காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் லேசா வேணும் என்கிறார்.

“சுனில் அண்ணன் பண்ணலன்னு போயி எல்லார்கிட்டயும் சொல்லு. அப்புறம் பாக்கலாம்” என்றேன். அப்பாவிடம் இப்படி நான் பேசியதே இல்லை. என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

அப்பா எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாயங்காலம் நளினி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“அண்ணன் இப்பதான் போன் பண்ணான். உங்கப்பா இன்னிக்கு இன்னா பண்ணாரு தெரியுமா? அண்ணனைக் கூப்பிட்டு அவரோட ஜன்னல் சீட்டுல உக்கார வச்சிட்டு, பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் அவர் நின்னுக்கினே போனாராம்! ‘போஸ்டரை இவன் பண்ணல. பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும். பேர் மட்டும் கேக்காதீங்க’ன்னு சொன்னாராம்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? பேர் கேக்காதீங்கன்னா டைரக்டர் ஆபீஸ்லயே தலைவருக்கு ஆள் இருக்குதுன்னு அர்த்தமாம். படகு போஸ்டர் சும்மா திசை திருப்பறதுக்காம். நூறாவது லெவல் ரகசியமா ஷூட்டிங் நடக்குதாம். பெருமாள் மாமா சொல்லிட்டாரு.”

“அப்பா இல்லன்னு சொல்லலையா?”

“சிரிச்சாராம்.”

எட்டரை மணிக்கு அப்பா வந்தார். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போன் அடித்தது. பெருமாள் மாமா. சமையலறை வரைக்கும் குரல் கேட்டது: “தலைவரே, உங்களாண்ட மட்டும் கேக்கறேன். ஷூட்டிங் எந்தத் தேதின்னு சொன்னாரா உங்காளு? தேதி தெரிஞ்சா பதினாறு பேரும் லீவு போட்டுடறோம்.”

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

நாளை காலை கணக்குப் பரீட்சை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.